நேற்றைய கை

சுகுணாவின் இடது கை ஒரு நாள் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. நேற்று சொன்னதை இன்று செய்யும். இன்று சொல்வதை நாளை செய்யும். மற்றபடி அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. வீக்கம் இல்லை, வலி இல்லை. மருதாணி வைத்தால் எல்லாருக்கும் போல மறுநாள் சிவந்தது.

தடுப்பூசி முகாமிலிருந்து இப்படி. முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊசி போட்ட அன்று முழுக்கக் கை அசையவே இல்லை. ஊரில் எல்லாருக்கும் கை வலித்தது, அவளுக்கும் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மறுநாள் அதே நேரத்துக்குக் கை தானாக இறங்கி, தரையில் எதையோ எடுத்தது. மண்டபத்து வாசலில் முந்தின நாள் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுக்கக் கைக்குச் சொல்லியிருந்தாள். அது இப்போதுதான் நடக்கிறது என்று சுகுணா புரிந்துகொண்டாள். செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் கை ஞாயிறைக் கொண்டாடியது. மடியில் கிடந்தது, நடுநடுவே டிவி ரிமோட்டை அழுத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமைப் பிசிறுகளைக் காற்றில் வெட்டியது. தரையில் உண்மையாகவே நூல் விழுந்தது. அவள் பெருக்கி அள்ளினாள். சூப்பர்வைசர் திங்கட்கிழமைக்கு ஆப்சென்ட் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பூட்டியிருந்ததால் அந்த வேலையைச் சேர்க்க முடியாது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

பழகிக்கொள்ள முடியாத விஷயம் என்று சொல்ல முடியாது. நாளைக்குக் குழம்பு என்றால் இன்றைக்கே வெறும் பலகை முன்னால் உட்கார்ந்து கையை வெங்காயம் அரியச் சொல்லிவிடுவாள். நாளைக்கு அதே நேரத்துக்கு வெங்காயத்தைக் கொண்டுவந்து கைக்கு அடியில் வைத்தால் போதும்.

ஆனால் தன்ஷிகா மாடிப்படியிலிருந்து விழுந்தாள்.

தன்ஷிகா சுகுணாவின் மகள். வயது மூன்று. நடப்பதைவிட ஏறுவது அவளுக்குப் பிடிக்கும். சுகுணா படிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். குழந்தை சறுக்கியதைப் பார்த்தாள். பிடி என்று கைக்குச் சொன்னாள். கை மடியில் கிடந்தது. குழந்தையின் தாடை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் அதே நேரத்துக்குச் சுகுணா கம்பெனியில் இருந்தாள். கை பாய்ந்து போய்க் காற்றைப் பிடித்தது. அடுக்கி வைத்த பனியன்கள் சரிந்தன.

"என்னம்மா பண்ற?" என்றார் சூப்பர்வைசர்.

"புள்ளயப் புடிக்குதுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். புள்ளை எதுவும் இல்லை. ஆனால் கை சரியாகப் பிடித்திருந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

வெங்காயத்தை முந்தின நாளே அரிந்து வைக்கலாம். குழந்தை எப்போது விழும் என்று முந்தின நாளே யாருக்கும் தெரியாது. சுகுணா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊசி இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படியில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். ஊசி போட்டதிலிருந்து அவர் எந்தப் படியில் ஏறினாலும் கீழேதான் போய்ச் சேருகிறார். மனு எழுதி வைத்திருந்தார். மேலே போனதும் தன்னைப் பற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சுகுணா சரி என்றாள். திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் நின்று மறுபடியும் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாடியில் ஒரு நீளமான நடை. அதன் கோடியில் எழுத்தரின் மேசை. சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'அவசரப்படாதீர். நடை நீளும்.' வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்றார். நடை ஒரு ஜன்னல் அளவுக்கு நீண்டது. எல்லாரும் அந்த அம்மாவை முறைத்தார்கள். ஜன்னல் புதிதாக இருந்தது. பெயிண்ட் வாசனை அடித்தது.

எழுத்தர் பெயர் குழந்தைவேலு. காதோரம் நரைத்த மனிதர். டக் டக்கென்று முத்திரை குத்திக்கொண்டே பேசினார். முத்திரையைப் பார்க்கக்கூட இல்லை.

"என்ன வேணும் அம்மிணி?"

"ஒரு நாள் வேணுங்க."

"எந்த நாளு?"

"எதா இருந்தாலும் சரிங்க. கை ஒரு நாள் பின்னால வருது. ஒரு நாள் குடுத்தீங்கன்னா வந்து சேந்துக்கும்."

குழந்தைவேலு தலையாட்டினார். இது அவருக்குப் புதிதில்லை போலிருந்தது. பின்னாலிருந்த பீரோவைத் திறந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாய்ப்போன அரசு விடுமுறைகளை அங்கே சேர்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் கட்டிய பொட்டலம். மேல்தட்டிலிருந்து கரும்பு வாசனை வந்தது. அடித்தட்டில் ஒரு தீபாவளி அவ்வப்போது படபடவென்று வெடித்து அடங்கியது.

"பொங்கலும் தீபாவளியும் மேலதிகாரிங்களுக்குப் போயிரும். ஆயுத பூசை ஒண்ணு இருக்குது. பரவால்லயா?"

"பரவால்லீங்க."

"கார்டக் காட்டுங்க."

சுகுணா முகாமில் கொடுத்த அட்டையை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"சாப்பிடும் கை, வலது. ஊசி போட்ட கை, இடது." நிமிர்ந்தார். "சும்மா இருக்கற கையிலதான போட்டிருக்காங்க? சும்மா இருக்கறது முந்தி வந்தா என்ன, பிந்தி வந்தா என்ன?"

அங்கேதான் தவறு நடந்திருந்தது. முகாமில் ஊசி போட்ட நர்ஸ் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டாள். 'எந்தக் கையில சாப்பிடுவீங்க?' எந்தக் கையில் சாப்பிடுகிறோமோ அதை விட்டுவிட்டு மற்றதில் போடுவாள். நல்ல எண்ணம்தான். சுகுணா யோசிக்காமல் வலது என்று சொன்னாள். அது உண்மை. வலது கையால்தான் சாப்பிடுவாள். ஆனால் வலது கையால் அவள் செய்யும் ஒரே வேலை அதுதான். கத்தரி, துடைப்பம், கரண்டி, சீப்பு, ஊக்கு எல்லாம் இடது கை. பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அம்மா அந்தக் கையைப் பாவாடை நாடாவால் முதுகோடு கட்டிவைப்பார். அப்படித்தான் வலது கை சாப்பிடக் கற்றது.

"நான் ஒரட்டாங்கைக்காரிங்க," என்றாள் சுகுணா. "எனக்கு அதுதான் வேலை செய்யற கை."

"அப்படின்னா சாட்சி வேணும்."

"என்ன சாட்சிங்க?"

"அந்தக் கையால நீங்க குடுத்து வாங்கினவங்க யாராச்சும்."

சுகுணா யோசித்தாள். இடது கையால் யாருக்கும் அவள் எதையும் கொடுத்ததில்லை. காபி டம்ளரை இடது கையால் ஆற்றி, வலது கைக்கு மாற்றித்தான் நீட்டுவாள். சில்லறையும் அப்படித்தான். பூவும் அப்படித்தான். யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நடை நீண்டது. குழந்தைவேலுவும் மேசையும் பீரோவும் தூரமாகப் போய்ச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

வாங்கினவர் இல்லாவிட்டால் பார்த்தவராவது வரட்டும் என்றார்கள். மறுநாள் முதல் சாட்சியாக அவள் கணவன் சிவராசு வந்தான். நைட் ஷிப்ட் முடித்து, பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தான்.

"உங்க வீட்டம்மா எந்தக் கையில வேலை செய்யறாங்க?" என்று குழந்தைவேலு கேட்டார்.

சிவராசு தலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் போட்டான். "வேலை நடந்துருதுங்க," என்றான். "கையப் பாக்கலீங்க."

படியில் இறங்கும்போது சுகுணா கேட்டாள். "என்ன மாமா, இப்படிச் சொல்லிட்ட?"

"பொய் சொல்லச் சொல்றயா?"

"இத்தன வருசமா பாக்கவேயில்லயா?"

"மூஞ்சியத்தான் பாத்தேன்."

கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் முதுகில் ஓர் அடி வைக்கக் கைக்குச் சொன்னாள். மறுநாள் அந்த அடி ஒரு பேருந்து நடத்துனர் மேல் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது சாட்சி அவள் அம்மா ருக்குமணி. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அலுவலகம் என்றதும் அதைத்தான் எடுக்கத் தோன்றியிருக்கிறது.

"உங்க பொண்ணுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"சோத்தாங்கைதானுங்க."

"அம்மா," என்றாள் சுகுணா.

"நீ சும்மா இரு. பீச்சாங்கைப் பழக்கமெல்லாம் எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க. பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டப்பவும் இதேதான் சொன்னேன்."

"அந்த நாடாவாவது காட்டும்மா."

"எந்த நாடா? நாடாவெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அவர் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அதன் ஓரத்தில் ஒரு பாவாடை நாடாவின் நுனி தெரிந்தது. குழந்தைவேலு அதைப் பார்த்தார். ஆனால் கேள்விக்கு வந்த பதிலை மட்டும்தான் எழுத முடியும் என்றார்.

மாடிப்படி முனையில் ருக்குமணி மகளைத் தனியே இழுத்தார். "பேத்தி எடுத்தப்பறம் இதச் சொல்லி நாலு பேரு முன்னால மானம் போகணுமா? எத்தன நாளு ஒக்காந்து திருத்தினேன் உன்ன!"

"புள்ள விழுந்தா புடிக்க முடியலம்மா."

"சோத்தாங்கையில புடி."

"அது சாப்பிட மட்டும்தாம்மா கத்துக்கிச்சு."

ருக்குமணி படியிறங்கினார். ஏறிக்கொண்டிருந்தவர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

சாட்சி இல்லாவிட்டாலும் விசாரணை உண்டு. சனிக்கிழமை என்று சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் காலையிலேயே சுகுணா மறுபடியும் குழந்தைவேலுவிடம் போய் நின்றாள்.

"என்ன கேப்பாங்க? இப்பவே சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே கைக்குச் சொல்லி வெச்சிருவேன்."

"அந்தத் தப்பு மட்டும் பண்ணிராதீங்க அம்மிணி. கை நேரத்துக்கு வந்துருச்சுன்னா கேஸ் போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். முத்திரை மட்டும் தாழாமல் குத்திக்கொண்டிருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா? இந்த முத்திரை நான் நேத்து குத்தினது."

சுகுணா அவர் வலது கையைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் ஊசி போட்டாங்க. நான் நெசமாவே பீச்சாங்கையில சாப்புடறவன். கேட்டாங்க, வெக்கப்படாம சொன்னேன். சோத்தாங்கையில போட்டுட்டாங்க. அன்னையிலருந்து இது ஒரு நாள் பின்னாலதான் வருது. இங்க இத்தன பேர் இருக்கறாங்க, யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?"

"எப்படிங்க?"

"நேத்து மாதிரியே இன்னைக்கும் இருந்துக்குவேன். இன்னைக்கு மாதிரியே நாளைக்கும். ஞாயித்துக்கிழமை வீட்ல ஒரு மேசை போட்டு ஒக்காந்துக்குவேன். ஒரு குறையும் தெரியாது. நீங்களும் அப்படி இருந்து பாக்கலாமே?"

"எனக்குக் கொழந்தை இருக்குதுங்க."

"ஓ," என்றார் குழந்தைவேலு. உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்ப முடியாது."

சுகுணா வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை என்பதால், இடது கைக்குச் சொல்லிக்கொண்டே, தட்டுத்தடுமாறி வலது கையால் தன்ஷிகாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். விசாரணையைப் பற்றிக் கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசாரணை அறையில் எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரம். குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு மருத்துவர் அம்மா. இரண்டாவது உறுப்பினர் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். மூன்றாவது உறுப்பினர் இன்னும் நியமிக்கப்படவில்லை. அவர்தான் நிறையக் கேள்வி கேட்டார்.

சுகுணா வணக்கம் சொன்னாள். வலது கை மட்டும் நெஞ்சுவரை வந்து நின்றது.

"பாதி வணக்கம்," என்றது மூன்றாவது நாற்காலி. "எழுதிக்குங்க."

"முதல்ல பரிசோதனை," என்றார் தலைவர் அம்மா.

இலை போட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். சுகுணா சாப்பிட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ரசத்துக்குக் குழி கட்டச் சொன்னார்கள். கட்டினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

"அருமையா சாப்பிடறாங்க," என்றார் கண்ணாடிக்காரர். "கையில ஒரு கோளாறும் இல்ல."

"இது வலது கைங்க," என்றாள் சுகுணா.

"கையின்னா சாப்பிடற கைதாம்மா," என்றார் தலைவர் அம்மா பொறுமையாக. "விதியில அப்படித்தான் இருக்குது."

அப்போது இடது கை எழுந்தது. மேசைக்கு மேலே, ஒரு சின்னத் தலையின் உயரத்தில் போய் நின்றது. வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் தேய்த்தது. பிடரியில் தேய்த்தது. கொஞ்சம் எடுத்துத் தொப்புளில் வைத்தது. மேசைமேல் நல்லெண்ணெய் சொட்டியது.

"கை என்ன பண்ணுது?" என்றது மூன்றாவது நாற்காலி.

"எண்ணெய் தேய்க்குதுங்க."

"யாருக்கு?"

"எம்பொண்ணுக்குங்க. நேத்து இருந்தவளுக்கு."

பிறகு சீயக்காய். நுரை கோப்பின்மேல் விழுந்தது. கை நுரையை வழித்தது. சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றியது. ஊற்றிய உடனே குழந்தையின் நெற்றியில் கவிழ்ந்து, கண்ணில் இறங்காதபடி கூரை மாதிரி நின்றது. பிறகு இன்னொரு சொம்பு ஊற்றியது. மறுபடியும் போய்க் கூரையாக நின்றது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதில் சீயக்காய் தெறித்திருந்தது.

"இந்தக் கை இதுக்கு முன்னால வேலை செஞ்ச கைதான்," என்றார் தலைவர் அம்மா கடைசியில். "இதுக்கு மேல சாட்சி வேணாம்."

சுகுணாவுக்கு மூச்சு வந்தது.

"வேலை செய்யற கைன்னு நிரூபணம் ஆயிருச்சு," என்றார் அவர். "வேலையும் செய்யுது. அப்ப பாதிப்பு எங்கம்மா இருக்குது?"

"நேத்து வேலையச் செய்யுதுங்க!"

"எங்க அலுவலகத்துலயும் அப்படித்தான். நாங்க யாராச்சும் இழப்பீடு கேட்டமா?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். மூன்றாவது நாற்காலி சிரிக்கவில்லை. நியமனம் ஆகும்வரை சிரிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

சுகுணா எழுந்தாள். மகளின் தாடையில் இருக்கும் தையலைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். சொன்னாள். தலைவர் அம்மா கேட்டுக்கொண்டு, தையல் வேறு துறை என்றார்.

அவள் கதவுவரை போனபோது கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். கோப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, இது நேத்து ஊத்தின தண்ணி."

"ஆமாங்க."

"கோப்பு இன்னைக்குத் தேதியில இருக்குது. இன்னைக்குக் கோப்புல நேத்து ஈரம் எப்படி வரும்? தணிக்கையில மாட்டிக்குவோம்."

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். தலைவர் அம்மா ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்குப் பாதிப்பு இல்ல. ஆனா ஒரு நாள் குடுத்துட்டா கோப்பு காஞ்சுரும். எழுத்தர்கிட்ட வாங்கிக்குங்க. பாதிக்கப்பட்ட கையாலதான் வாங்கணும்."

"பாதிப்பு இல்லன்னீங்க?"

"பாதிப்பு இல்லாத, பாதிக்கப்பட்ட கை," என்றார் அவர். "அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

அடுத்தவர் படியில் இருந்தார்.

குழந்தைவேலு பீரோவிலிருந்து ஆயுத பூசையை எடுத்து வந்தார். பொட்டலம் கைக்கு அடக்கமாக இருந்தது. உள்ளே பொரி சலசலத்தது. சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அவர் அதை இடது கையில் வைத்திருந்தார். வலது கை முத்திரை குத்திக்கொண்டிருந்தது.

"பீச்சாங்கையில குடுக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க."

"நானும் அதுலதானுங்க வாங்கறேன்."

"நீட்டுங்க."

"நீட்டிட்டனுங்க."

கை நீளவில்லை. அது தன்ஷிகாவின் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு புகையில் இருமினார்.

"வரலையே?"

"நாளைக்கு வந்துருங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

இருவரும் பீரோவைப் பார்த்தார்கள். அதிலிருந்த எல்லா நாளும் அப்படித்தான் போயிருந்தன.

"எதுக்கும் நீட்டியே வெச்சிருங்க," என்றார் குழந்தைவேலு. சுகுணா பெஞ்சில் உட்கார்ந்து, நீட்டு, நீட்டு என்று கைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஷட்டரை இறக்கும்வரை சொன்னாள்.

மறுநாள் சிவராசு தூங்கிக்கொண்டிருந்தான். சுகுணா மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை அவள் கம்பெனிக்குப் போகவில்லை என்பதால் அன்று பிசிறு விழவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியதும் கை எழுந்து நேராக முன்னால் நீண்டது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்தது. யாரோ எதையோ வைக்கப்போவது போல அசையாமல் நின்றது. வைக்க யாரும் இல்லை. அலுவலகம் பூட்டியிருந்தது.

தன்ஷிகா படியேறிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்று அம்மாவின் கையை வேடிக்கை பார்த்தாள். கால் சறுக்கியது.

கைக்குச் சுகுணா எதுவும் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரியும். குழந்தை கையில் வந்து விழுந்தாள். கை அவளை வாங்கிக்கொண்டது. கொஞ்சம் தணிந்து, பிறகு பழையபடி நீண்டு நின்றது.

தன்ஷிகா அழவில்லை. தாடையைத் தொட்டுப் பார்த்தாள். தையல் அப்படியே இருந்தது. "இன்னொருக்கா," என்றாள்.

"வேண்டாம் சாமி. இரு."

இருக்கத்தான் வேண்டியிருந்தது. கை மடங்கவில்லை. நேற்று ஷட்டர் இறங்கும்வரை நீட்டச் சொல்லியிருந்தாள், ஷட்டர் இறங்கும் நேரம்வரை அது நீண்டுதான் இருக்கும். சுகுணா குழந்தையைக் கையில் ஏந்தியபடி படியோரம் உட்கார்ந்திருந்தாள். வலது கையால் அவளுக்குத் தயிர்சோறு ஊட்டினாள். நாளைக்கு அலுவலகத்தில் கை நீட்ட வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. நீட்டு, சாயந்தரம்வரை நீட்டியே இரு என்றாள். ஏற்கெனவே நீண்டிருந்த கையில் அதனால் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

சிவராசு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தான்.

"ஒரட்டாங்கை," என்றான்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதா?"

"சாட்சி சொல்ல வரட்டுமா?"

"கேஸ் முடிஞ்சுருச்சு மாமா."

திங்கட்கிழமை சுகுணா மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். படியில் ஏறிக்கொண்டிருந்தவர் தன்ஷிகாவைப் பார்த்து, பாப்பா நன்றாக ஏறுகிறாள் என்றார். அன்று யாரும் அவசரப்பட்டிருக்கவில்லை. நடை குட்டையாக இருந்தது. போன வாரத்து ஜன்னல்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

சுகுணா மேசைக்கு முன்னால் நின்றாள். நேரம் வந்தது. கை நேராக நீண்டு விரிந்தது.

"வந்துருச்சே!" என்றார் குழந்தைவேலு. எழுந்து போய்ப் பொட்டலத்தை இடது கையில் எடுத்தார். நடையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இந்த அலுவலகத்தில் யாரும் ஒரு நாளை வாங்கி அவர்கள் பார்த்ததில்லை.

தன்ஷிகா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். தூரத்தை அளந்துகொண்டு குதித்தாள்.

கை வாங்கிக்கொண்டது.

குழந்தைவேலு பொட்டலத்தோடு நின்றார். "கையில எடமில்லையே அம்மிணி."

"ஆமாங்க."

"எறக்கி விடுங்க."

"சாயந்தரம் வரைக்கும் விடாதுங்க. நேத்து அப்படித்தான் சொல்லி வெச்சேன்."

"அப்ப என்ன பண்றது?"

"நாளைக்கு வரனுங்க."

"நாளைக்கும் புள்ளயக் கூட்டிட்டுத்தான் வருவீங்க?"

"வேற எங்கீங்க விடறது?"

பொட்டலம் சலசலத்தது. துணியின் ஒரு மூலை கிழிந்து பொரி எட்டிப் பார்த்தது. தன்ஷிகா அம்மாவின் கையில் இருந்தபடியே எட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டு, கொஞ்சம் பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பனியன் கம்பெனிகளின் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. எங்கேயோ பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் மென்று விழுங்கியதும் மெஷின்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்தன.

"எந்தக் கையில எடுத்துச் சாப்புட்டுது, பாத்தீங்களா?" என்றார் குழந்தைவேலு.

"பாத்தனுங்க," என்றாள் சுகுணா.

தன்ஷிகா இடது கையை மறுபடியும் பொட்டலத்துக்குள் விட்டாள். சுகுணா அவளைத் தடுக்கவில்லை. நாளைக்கும் நீட்டு என்று தன் கைக்குச் சொல்லி வைத்தாள்.